குறிப்பு: பழையதுதான்

3-ஆம் தேதி, திங்கட்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். இந்த வாக்கியத்தில் தன் இடது முழங்காலைச் சேர்க்க வேண்டாம் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள். மருத்துவர் மாடிப்படி ஏறக் கூடாது என்றிருக்கிறார். இவள் ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி, மாடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, இறங்கி வந்து மருத்துவரைத் திட்டுகிறாள்.

பேத்தி வாலுவைப் பற்றி நீ எழுதியிருந்த பத்தியை மூன்று முறை படித்தேன். கப்பல் ஓட்டும் படிப்புக்கு விண்ணப்பம் போடப்போகிறாள் என்பது முதல் வாசிப்பில் சரியாக மனதில் ஏறவில்லை. பதினேழு வயதாகிவிட்டதா அவளுக்கு? போன முறை வந்தபோது என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாத்தா மாதிரி நடக்கிறேன் என்று கூடத்தில் சுவரில் முட்டிக்கொண்டவள். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். அதை இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன்.

நீ கேட்ட காரியத்தைப் பற்றி முதலில். அதே படிப்புக்காக, அதே வயதில், நம் பழைய கணினியில் நீ எழுதிவைத்த விண்ணப்பக் கட்டுரை வேண்டும் என்கிறாய். பெற்றோர் சம்மதத் தாள் இரண்டு வாரமாக உன் சாப்பாட்டு மேசையில் உப்புப் புட்டியின் அடியில் கிடக்கிறது, கையெழுத்துப் போடக் கை வரவில்லை, அந்த வயதில் நான் என்ன நினைத்தேன் என்று ஒரு தடவை படித்துவிட்டுப் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த மாதம் பதினைந்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

கணினி இருக்கிறது. பின்னறையில், உன் அம்மா பழைய திரைச்சீலையில் தைத்த உறைக்குள், இஸ்திரி போட்ட துணிகளைத் தாங்கிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக இருக்கிறது. சனிக்கிழமை காலை உணவுக்குப் பிறகு துணிகளை இறக்கி, தூசி தட்டி, கம்பிகளை நிறம் பார்த்து மாட்டினேன். பொத்தானை அழுத்தியதும் பெரிய இரைச்சல். உன் அம்மா சமையலறையிலிருந்து, “யாரு வீட்டுல மாவு அரைக்கிறாங்க?” என்று கேட்டாள். ஆனால் திரை வந்துவிட்டது. இவ்வளவு வருடம் கழித்து அது உயிரோடு எழுந்ததைப் பார்த்து எனக்கு ஏற்பட்டது முழு மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

கடவுச்சொல் கேட்கிறது. எனக்கு நினைவில்லை. கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், உனக்கு நினைவிருக்கலாம். அதை அழுத்தினால் நாம் எழுதிவைத்த குறிப்பைக் காட்டும். அழுத்தினேன். “பழையதுதான்” என்று வந்தது. அப்படியானால் அதற்கு முந்தைய கடவுச்சொல்தான் என்று பொருள். அந்தக் காலத்தில் நான் மாதம் ஒன்று வைப்பேன் அல்லவா, அவற்றில் நினைவுக்கு வந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரிசையாக அடித்துப் பார்த்தேன். ஐந்து முறை தவறினால் அரை மணி நேரம் பூட்டிக்கொள்கிறது. ஆகவே நோட்டில் நான்கு கட்டம் போட்டிருக்கிறேன்: முயற்சி எண், நேரம், அடித்தது, விளைவு. இரண்டு நாளில் இருபத்து மூன்று முயற்சிகள். விளைவுக் கட்டத்தில் ஒரே சொல்தான் மேலிருந்து கீழ்வரை இருக்கிறது.

உன் அம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். “எதுக்கு இவ்வளவு ரகசியம்? நீங்க ஒத்தை விரலால அடிக்கிறப்போ வாய் வேற ஒவ்வொரு எழுத்தா சொல்லுது. தெருவுல போறவனே படிச்சுடுவான்” என்றாள். எனக்கே தெரியாத பழக்கம். உதட்டை இறுக மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தேன். விரல் எழுத்தைத் தேடி நின்றுவிட்டது.

இருபத்திரண்டு வருடத்துப் பெட்டி. உள்ளே எல்லாம் அழிந்தும் போயிருக்கலாம். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே என்று சொல்லத்தான் இத்தனை நீளம் எழுதினேன். வாலுவுக்கு நீயே உன் வாயால் சொன்னால் அதைவிடப் பெரிய கட்டுரை எது?

நான் என்ன நினைக்கிறேன் என்பதை எழுதத் தாளில் இடமில்லை. அடுத்ததில் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. குளிர் காலம் தொடங்குகிறது, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் நலமே நினைக்கும்,
அப்பா


19-ஆம் தேதி, புதன்கிழமை

அன்பு மகளே,

உன் பதில் இன்று காலை வந்தது. நான் காலை உணவை இன்னும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். இந்தக் கடிதத்தில் வேறு பொய் இருக்கக் கூடாது என்ற முடிவோடு எழுதுகிறேன்.

நீ எழுதிய மற்ற செய்திகளுக்கெல்லாம் பிறகு பதில் சொல்கிறேன். கணினியைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தாய்: “விடுங்கப்பா, மெஷின்தானே. உங்க தப்பு என்ன இருக்கு?”

இந்த வரியை நீ என்னிடம் இதற்கு முன்னால் ஒரு முறை சொல்லியிருக்கிறாய். ஒரு சொல் மாறவில்லை. அன்று நான் அதே கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய்.

என் வேலையை வைத்துத் தொடங்கினால்தான் எனக்கு வரிசையாகச் சொல்ல வரும். தேர்வு அலுவலகத்தின் இரகசியப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வினாத்தாள் காத்தவன் நான். ஒரு தாள்கூட வெளியே போனதில்லை. ‘பூட்டு சார்’ என்று என்னைக் கேலி செய்வார்கள், அது எனக்குப் பெருமையாகவே இருந்தது. எங்கள் அறையில் மூன்று இரும்பு அலமாரிகள். இரண்டின் மேல் ‘இந்த ஆண்டு’ என்று சீட்டு ஒட்டி உள்ளே கழிந்துபோன தாள்களை வைப்போம். உண்மையான கட்டுகள் மூன்றாவதில் இருக்கும். அதன் மேல் ‘பழையவை’ என்று ஒட்டியிருக்கும். திருட வருகிறவன் சீட்டைப் படித்துவிட்டுத் தவறான அலமாரியோடு போராடட்டும் என்று. இந்தத் தந்திரத்தை உனக்கும் உன் அம்மாவுக்கும் சாப்பாட்டு வேளையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். “இதுக்கு மேல ஒரு புத்திசாலித்தனம் உண்டா!” என்று உன் அம்மா கண்ணை உருட்டுவாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், உன் விண்ணப்பம் ஒரு சனிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது. நீ ஒரு மாதமாக அதை எழுதிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதுபோல் உன் விசைப்பலகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருக்க வேண்டிய வேலை. உன் வகுப்பில் வேறு பெண்ணே இருக்க மாட்டாள். எனக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறியதும் இல்லை. ஒரு நாளாவது உன்னிடம், எனக்கு இதில் விருப்பமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ கேட்டபோது, “நல்ல படிப்புதான்” என்றேன். “அப்போ சம்மதத் தாள்ல கையெழுத்துப் போடுவீங்கல்ல?” என்று கேட்டாய். “முதல்ல எழுதி முடி, பார்க்கலாம்” என்றேன்.

அந்த வாரம் புதன்கிழமை விடிந்ததும் எழுந்தேன். நீ தேர்வுக்காகக் கூடத்திலேயே படித்துவிட்டு அங்கேயே, கணினிக்குப் பக்கத்துச் சுவரோரம், தலை முதல் கால்வரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். நான் சத்தமில்லாமல் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினேன். புதிய குறிப்பு எழுதச் சொல்லிக் கேட்டது. “பழையதுதான்” என்று எழுதினேன்.

நீ பழையதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கட்டும் என்று.

மாலையில் வந்ததும் நீ சொன்னாய், கணினி திறக்க மாட்டேன் என்கிறது என்று. நான் ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியப்படுவதுபோல் நடித்தேன் என்று எழுதுவதே சரி. மறுநாள் வியாழக்கிழமை, வினாத்தாள் கட்டுகளுக்கு அரக்கு முத்திரை வைக்கும் நாள். வீடு வர நேரமாகிவிட்டது. வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்தேன். வேண்டுமென்றே தவறான சொற்களை அடித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஐந்தாவது தவறியதும் பூட்டிக்கொள்ளும்; கைக்கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பேன்; மறுபடி ஐந்து. எனக்கு வியர்த்து வழிந்தது. அது மட்டும் நடிப்பில்லை. நீ பின்னால் நின்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாயோ, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அந்த வரியைச் சொன்னாய். நான் தம்ளரை வாங்கிக் குடித்தேன்.

சனிக்கிழமை போயிற்று. நீ இங்கேயே இருக்கிற கல்லூரியில் சேர்ந்தாய். நான் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கவில்லை. கொடுத்தால், அதில் பழுது ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களே. உறையைப் போட்டு மூடினேன். மறைக்க வேண்டும் என்று வைத்த சொல்லை நானே திரும்ப அடிக்கத் துணியாததால், அது நாளடைவில் எனக்கே மறந்துபோயிற்று.

இப்போது துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையில், வருகிற கப்பல்களுக்கு நிற்கும் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறாய். உன் சன்னலிலிருந்து எல்லாக் கப்பலும் தெரிகிறது என்று வேலைக்குச் சேர்ந்த வாரம் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பார், எப்படியோ கப்பல் பக்கத்திலேயே வேலை கிடைத்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். என் மனம் எதையும் தனக்குச் சாதகமாக மடித்துவைத்துக்கொள்ளும் திறமையுள்ளது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்தாலும் சரி. மூன்றாம் தேதி எழுதிய கடிதத்தில், குறிப்பு “பழையதுதான்” என்று காட்டுகிறது, ஆகவே முந்தையதைத் தேடுகிறேன் என்று எழுதினேன் அல்லவா? அது உன்னை ஏமாற்ற எழுதியது அல்ல. நிஜமாகவே நம்பினேன். என் கையால் எழுதிய குறிப்பு என்பதால் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. முப்பத்தொன்றாவது முயற்சியின்போதுதான், விரல் நடுவில் நிற்க, அதை எதற்காக எழுதினேன் என்பது நினைவுக்கு வந்தது. நான் ஒட்டிய சீட்டை நானே படித்துவிட்டுத் தவறான அலமாரியோடு போராடியிருக்கிறேன். இன்றோடு நாற்பத்தேழு.

இதை உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன்.

அப்பா


26-ஆம் தேதி, புதன்கிழமை

அன்பு மகளே,

இந்த உறையில் இரண்டு கடிதங்களும் ஒரு பென் டிரைவும் இருக்கும். பத்தொன்பதாம் தேதியிட்டதை முதலில் படித்துவிட்டு இதற்கு வா. அதை மறுநாளே தபாலில் சேர்ப்பதாக எழுதியிருக்கிறேன். தபால் பெட்டிவரை மூன்று நாள் போனேன். மூன்று நாளும் தெருமுனைக் கடையில் தேவையில்லாத நூல்கண்டும் குண்டூசியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். “இத்தனை குண்டூசிய வச்சு யாரைக் குத்தப் போறீங்க?” என்று உன் அம்மா கேட்டாள். கடிதம் அகராதிக்குள் இருந்தது.

திங்கட்கிழமை உன் அம்மா பொறுமை இழந்துவிட்டாள். “பொண்ணு கேட்டு மூணு வாரமாச்சு. நீங்களும் இந்தப் பெட்டியும் மாத்தி மாத்தி முறைச்சுக்கிட்டே இருங்க. நான் ஆட்டோ கூப்பிடறேன்” என்றாள். முழங்காலோடு அவளே ஒரு பக்கம் தூக்கினாள். நான் தடுக்கவில்லை, ஆனால் கதவைத் திறந்துவிடச் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன்.

கணினி பழுதுபார்க்கும் கடை ஒரு தையற்கடைக்கும் பழச்சாறுக் கடைக்கும் நடுவில், ஓர் ஆள் அகலத்தில் இருக்கிறது. நடத்துவது ஒரு பெண்மணி, உன்னைவிடச் சில வயது பெரியவள் இருக்கும். நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு வேலை செய்கிறாள். நம்மைப் பார்த்துப் பேசும்போதும் அதை அணைப்பதில்லை, ஆகவே நாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் நோட்டைக் காட்டி விவரமாக எடுத்துச் சொன்னேன். நாற்பத்தேழு வரிகளையும் மரியாதையோடு பார்த்தாள். பிறகு திருகாணிகளைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு தடித்த புத்தகம் அளவுள்ள பெட்டியை எடுத்து, ஒரு கம்பியால் தன் கணினியோடு இணைத்தாள். அதற்குள்ளிருந்த எல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்றது.

“கடவுச்சொல்?” என்று கேட்டேன்.

“அது எதுக்கு சார்? பூட்டு கதவுலதான் இருக்கு. இந்தக் காலத்துப் பெட்டிக்கெல்லாம் சுவரே கிடையாது. பக்கத்துல சுத்திப் போனா உள்ள வந்துடலாம்.”

உன் அம்மா சத்தமாகச் சிரித்தாள். பூட்டு சாரால் சிரிக்க முடியவில்லை. நான் அங்கிருந்த உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

உன் பெயரிட்ட கோப்புறை இருந்தது. விண்ணப்பக் கோப்பைத் திறந்தபோது எழுத்துகள் எல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரிந்தன. பழைய எழுத்துரு, தேடி எடுக்கிறேன் என்றாள். அதைத் தேட அவளுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும், கிடைக்கக் கூடாது என்று ஒரு மனமும், கிடைத்துவிட்டால் தேவலை என்று இன்னொரு மனமுமாக உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலிக்க, பழச்சாறுக் கடை நாற்காலிக்குப் போய்விட்டாள்.

பூச்சிகள் எழுத்துகளாக மாறின. இரண்டு பக்கக் கட்டுரை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உனக்கும் வாலுவுக்கும் உரியது. மூன்றாவது பக்கம் பெற்றோர் சம்மதம். அங்கே ஒரு கட்டம், உள்ளே ஒரு வரி. அந்தப் பெண் சாதாரணமாக வாசித்தாள்:

“‘அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.’ அப்படின்னு இருக்கு சார். இதோட சேர்த்தே காப்பி பண்ணிடவா, இல்ல இந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடவா? கேட்டுட்டுச் செய்யறது நல்லது.”

அந்த விளக்கு என் முகத்தில் இருந்தது. “அப்படியே இருக்கட்டும்” என்றேன். என் வாழ்நாளில் நான் தைரியமாகச் சொன்ன சொற்களை எண்ணினால் அது முதல் வரிசையில் வரும், அவ்வளவு குறைவு அவை.

கடைசியாகச் சேமித்த நாளும் நேரமும் பார்க்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்று காட்டினாள். வீட்டுக்கு வந்து அந்த வருடத்து நாட்குறிப்பில் சரிபார்த்தேன். வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் அரக்கு உருக்கிக்கொண்டிருந்தேன். கணினி முந்தின நாள் காலையிலிருந்தே பூட்டியிருந்தது.

எப்படித் திறந்தாய் என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன். நேற்றுக் காலையில், நான் நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, “மறுபடி உதடு ஆடுதே, இப்போ என்ன மந்திரம்?” என்று உன் அம்மா கேட்டாள். விளங்கிவிட்டது. அந்தப் புதன்கிழமை காலை நீ போர்வைக்குள் தூங்கவில்லை. நான் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்ததையும் என் வாய் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னதையும் பக்கத்துச் சுவரோரத்தில் போர்வை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அப்படியானால், மாலையில் நான் ஆச்சரியப்பட்டபோது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை மதியம் திறந்திருக்கிறாய். அனுப்பியிருக்கலாம். என் கையெழுத்தை நீயே போட்டிருக்கலாம். அந்த அலுவலகத்தில் யாரும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, நான் சொல்லத் துணியாத பதிலை எனக்காக அந்தக் கட்டத்தில் எழுதிவைத்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, நான் வரும்வரை காத்திருந்தாய். நான் வந்து உன் எதிரிலேயே பத்து, பதினைந்து தடவை தவறாக அடித்தேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு தண்ணீர் கொண்டுவந்தாய்.

இத்தனை வருடமும், விவரம் தெரியாத ஒரு பெண் பாவப்பட்டுக் கொடுத்த தண்ணீர் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். விவரம் தெரிந்து கொடுத்தது என்று தெரிந்தபின் அந்த வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போன கடிதத்தை எழுதி முடித்தபோது, ஒரு பெரிய உண்மையை உனக்குச் சொல்லப்போகிறேன் என்ற நினைப்பு எனக்குள் கொஞ்சம் இருந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். உனக்கு அதில் செய்தி ஒன்றும் இல்லை.

நேற்று மதியம் உன் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு கடிதங்களில் எழுதியதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட முடிந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, “நீங்க ஒரு தடவை வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லியிருந்தா, அவ உங்களோட ஒரு வாரம் சண்டை போட்டிருப்பா, நானும் அவ பக்கம் சேர்ந்திருப்பேன், அப்புறம் அவ போயிருப்பா. அது உங்களுக்குத் தெரியும். அதான் சொல்லல” என்றாள். என்னை இவ்வளவு சரியாக யாரும் எழுதிக் காட்டியதில்லை. அதற்குப் பிறகு மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆறு மணிக்கு, “சாப்பிட வாங்க” என்றாள்.

அந்தக் கடைக்காரப் பெண் கோப்பை அங்கிருந்தே உனக்கு ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடலாம் என்றாள். வேண்டாம் என்றேன். அது தனியாக வந்து உன் முன்னால் நிற்பது நியாயமில்லை என்று பட்டது; நானும் கூட வர வேண்டும். கூரியரில் அனுப்புகிறேன். ஐந்து நாளில் வந்துவிடும் என்கிறார்கள், பதினைந்தாம் தேதிக்கு நிறைய நாள் இருக்கிறது. அந்த வரியை மறந்துவிட்டு இந்தக் கோப்பைக் கேட்டாயா, நினைவில் வைத்துக்கொண்டே கேட்டாயா என்று நான் கேட்க மாட்டேன். மன்னிப்பு என்ற சொல்லையும் இந்தப் பக்கத்தில் ஓரிடத்தில் எழுதி அடித்திருக்கிறேன். நீ கொடுத்துவிடுவாய் என்று தெரிந்துகொண்டே அதைக் கேட்பதும், பார்க்கப்போனால், பழைய வேலைதான்.

வாலுவின் தாளைப் பற்றி. கையெழுத்துப் போடு என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. போடாதே என்று சொல்லும் யோக்கியதை அதைவிட இல்லை. உனக்குப் பயமாக இருந்தால் அது பயம்தான், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தத் தாளை உப்புப் புட்டியின் அடியில் விட்டுவிட்டுத் தேதி தாண்டட்டும் என்று மட்டும் இருந்துவிடாதே. அவளை எதிரில் உட்காரவைத்து, சரியோ வேண்டாமோ, உன் வாயால் சொல். அவள் கத்தட்டும், கதவைச் சாத்திக்கொள்ளட்டும், ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருக்கட்டும். அந்தச் சண்டை அவளுக்குச் சேர வேண்டியது. அவள் சத்தமில்லாமல் எழுந்து போய், தண்ணீர் கொண்டுவந்து உன் கையில் கொடுத்து, விடுங்கம்மா என்று சொன்னால் மட்டும் அந்தத் தம்ளரை வாங்காதே. அவளை மறுபடி உட்காரவைத்துக் கேள்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருந்தாய். மூன்றாம் தேதிக் கடிதத்தில், தாளில் இடமில்லை என்றேன். பின்பக்கம் முழுவதும் காலியாக இருந்ததை நீ பார்த்திருப்பாய். எனக்குக் கடல் என்றால் பயம். அவள் போக வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குள் இருக்கின்றன, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னும் இருந்தன.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். வாலு எங்கே இருந்தாலும், நிலத்திலோ நீரிலோ, அவள் கால் தடுமாறாமல் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவோடு பேசுவாய். எனக்குப் போனில் பேச வராது என்று எனக்கு மட்டும் எழுதுவாய். இந்த உறை கைக்கு வந்தபிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, போனை என்னிடம் கொடுக்கச் சொல். நான் வாங்கிக்கொள்கிறேன். சத்தம் வராவிட்டால் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரு, அம்மா. சொல்லிவிடுவேன்.

உன்
அப்பா